நான்கு பூனைகள், மூன்று மணிக்கு மூடும் பாலம்

1

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. புயல் வந்தால் பூனைகளை எப்படிக் கிளப்பிக்கொண்டு போவது என்று பூனைக் காப்பகத்தில் கொடுத்த தாள். இருபத்திரண்டு வரி. இருபத்தொரு வரியை நான் அப்படியே செய்தேன். ஏழாவது வரியை மட்டும் படித்துவிட்டு, ‘இது என்ன பேச்சு’ என்று தள்ளிவிட்டேன். போன மாதம் ஃப்ளோரிடாவின் இந்தக் கடலோரத்துக்குப் புயல் வந்தபோது அந்த ஒரு வரியால் நான் பட்ட பாட்டை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சியில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பூனைகள் என்னுடையவை இல்லை. இங்கே குட்டி போட இடமில்லாத பூனை, வளர்த்தவர் இறந்துபோய்த் தனியாக நின்ற பூனை, வீடு மாற்றுகிறவர்கள் விட்டுவிட்டுப் போன பூனை, எல்லாம் காப்பகத்துக்கு வந்து சேரும். அங்கே இடம் போதாது. அதனால் நிரந்தரமாக ஒரு குடும்பம் கிடைக்கும்வரை என்னைப் போன்ற சிலர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். தீனியும் மருந்தும் அவர்களுடையது, வீடும் கையும் நம்முடையது. குடும்பம் கிடைத்ததும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு ‘எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறதா’ என்று போய் நிற்கக்கூடாது. அவர்களாக ஃபோட்டோ அனுப்பினால் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அண்ணனிடம் இதை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீ பூனைங்களுக்கு ஹாஸ்டல் வார்டன்னு சொல்லு” என்றார்.

என் கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் போன நாலாவது மாதம், லைப்ரரி வாசலில் டெனிஸ் என்ற பெண் ஒரு மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்டாள். மூன்று படுக்கையறை வீட்டில் ஒருத்தியாக இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? அன்று ஆரம்பித்ததுதான். இதுவரை பதினொரு பூனைகள் வந்து போய்விட்டன.

புயல் வந்தபோது இருந்தவை நான்கு. ஒரு தாய்ப்பூனை, எதை வைத்தாலும் முதலில் மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாம் நகர்ந்த பிறகுதான் சாப்பிடும். கல்யாண வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அதற்குச் சம்பந்தியம்மா என்று பெயர். அதன் குட்டிகள் குண்டு, சுண்டு. நான்காவது துரை.

துரை சாம்பல் நிறக் கடுவன். வயது பத்துக்கு மேல் இருக்கும். தனியாக இருந்த ஒரு கிழவர் வீட்டுக்குள்ளேயே இறந்துபோய், நாலைந்து நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது இதுவும் உள்ளே இருந்திருக்கிறது. என்னிடம் வந்த முதல் இரண்டு மாதம் கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வரவில்லை. வந்த பிறகும் பங்களா வராந்தாவில் உலாத்துகிற வெள்ளைக்காரத் துரை மாதிரி யாரையும் பாராமல் நடக்கும். காப்பகத்துக் காகிதங்களில் அதன் பெயர் கேப்டன். உத்தியோகம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நான் மாற்றிக்கொண்டேன். ஏழு மாதத்தில் அது தன்னைத் தொட விட்ட ஒரே ஆள் நான். டெனிஸ் வந்தால்கூட ஒளிந்துகொள்ளும்.

2

நான் ஒரு தீவில் பிறந்து இன்னொரு தீவில் வந்து உட்கார்ந்தவள். எங்கள் வீடு திருவானைக்காவலில். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். எங்கே போவதென்றாலும் பாலம் தாண்ட வேண்டும். இங்கேயும் அதேதான். கடலை ஒட்டி நீளமாக ஒரு மணல்திட்டு, அதிலிருந்து பெரிய ஊருக்குப் போக ஒரே ஒரு பாலம். வீடு பார்க்க வந்த அன்று என் கணவர், “ஒனக்குப் பழகின இடம்தான், தண்ணி மட்டும் உப்பு” என்றார்.

கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தொட்டுப் போன ஒரு வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் குறிக்கிற வேலையில் இருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவரின் வீடு தாழ்வான இடத்தில் இருந்தது. அந்தக் குடும்பம் ஏழு பேரும் பாயும் பக்கெட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று நாள். அவர்களை அம்மாவுக்குப் பிடிக்கவேயில்லை. அந்தப் பக்கெட் யாருடையது என்று அவர்கள் கிளம்புகிற அன்று ஒரு சண்டைகூட வந்தது. ஆனால் வரலாமா என்று அவர்கள் கேட்கவும் இல்லை, வாங்க என்று நாங்கள் சொல்லவும் இல்லை. மழை வந்தது, அவர்களும் வந்தார்கள்.

இங்கே முதலில் ஃபோன் அலறியது. எங்கள் மண்டலத்தில் இருக்கிறவர்கள் புதன்கிழமைக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு. காற்று கூடினால் பாலத்தை மூடிவிடுவார்கள். புதன் பிற்பகல் மூன்று மணி என்று அப்புறம் நேரமும் சொல்லிவிட்டார்கள்.

அண்ணனுக்குச் சொன்னேன். “வெள்ளம் வந்தா நாங்க மேல்மாடிக்குப் போவோம். நீங்க என்னம்மா, ஊரையே காலி பண்றீங்க?” என்று கேட்டார்.

மகன் கார்த்திக் டென்வரில் இருக்கிறான். திங்கட்கிழமையே விமானம் ஏறித் தன்னிடம் வந்துவிடச் சொன்னான். பூனைகளைக் காப்பகத்தில் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் மருமகளுக்குப் பூனை முடி பட்டால் மூச்சு இழுக்கும். அவள்மீது குற்றமில்லை, பாவம், கண்ணெல்லாம் வீங்கிவிடும்.

டெனிஸைக் கூப்பிட்டேன். காப்பகமே தாழ்வான இடத்தில்தான் இருக்கிறதாம். உள்ளே இருக்கிற பூனைகளையே ஏற்றி அனுப்ப வண்டி போதாமல் அவள் அழுகிற நிலையில் இருந்தாள். வீடுகளில் இருப்பவற்றை அந்தந்த வீட்டார்தான் கூட்டிப் போக வேண்டும், முடியாது என்றால் சொல்லுங்கள், ஏதாவது செய்து பார்க்கிறேன் என்றாள். துரையை அவளால் பிடிக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டு கார்த்திக், ‘ஓகே அம்மா, யுவர் சாய்ஸ்’ என்றான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். அவனுக்குப் பன்னிரண்டு வயது ஆனதிலிருந்து நேரில் பார்த்தாலும் அப்படித்தான். ‘யுவர் சாய்ஸ்’ என்பதற்கு ‘எப்படியோ போ’ என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்வேன். அவன் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டான். இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்றால் இப்படித்தான், சொன்னது ஒன்று, வந்து சேர்வது ஒன்று.

பூனைகளையும் சேர்த்துக்கொள்கிற புகலிடம் உள்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதற்கு ஃபோனில் பதிவு செய்ய வேண்டும். உங்களோடு வருகிற பெரியவர் யார் என்று அந்தப் பெண் கேட்டாள். “மை ஹஸ்பெண்ட் எக்ஸ்பயர்ட்” என்றேன். நம் ஊரில் அது மரியாதையான வார்த்தை. அவள் ஏதோ தட்டச்சு செய்துவிட்டு, அவருடைய எந்த அட்டை காலாவதியாயிற்று, அதை ஆன்லைனிலேயே புதுப்பித்துக்கொள்ளலாமே என்றாள். அதைப் புதுப்பிக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். ‘ஒருவர்’ என்று எழுதிக்கொண்டாள்.

3

கல்யாணத்துக்கு முன் தில்லை நகரில் ஒரு கண் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ், ஃபைல் அடுக்குவது, மனிதர்களைச் சமாளிப்பது எல்லாம் அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். காத்திருக்கிறவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே சீக்கிரம் போவேன். மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு அரிசி மில்காரர் வருவார். கண்ணில் என்ன தொந்தரவு என்று சீட்டில் எழுதக் கேட்டால், “வீட்ல இருக்கிற எல்லாரும் தெளிவா தெரியிறாங்கம்மா, அதான் தொந்தரவு” என்பார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார், நானும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

அந்த டோக்கன் கொடுத்த கைதான் பூனைகளுக்கும் உதவியது. ஞாயிற்றுக்கிழமையே நான்கு கூடைகளையும் ஹாலில் கதவு திறந்து வைத்தேன். கூடை என்றால் பிளாஸ்டிக் பெட்டி, முன்னால் கம்பிக் கதவு. புதுசாகக் கண்ணில் பட்டால் பூனை மிரளும், வீட்டுச் சாமான் மாதிரி நாலு நாள் கிடந்தால் பயம் போய்விடும். உள்ளே என் பழைய நூல் புடவைகளைக் கிழித்து மடித்துப் போட்டேன். என் வாசனை இருக்குமே. குண்டும் சுண்டும் அன்றைக்கே உள்ளே படுத்துத் தூங்கின. சம்பந்தியம்மா நான்கையும் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிற்று. துரை அந்தப் பக்கமே வரவில்லை.

தடுப்பூசிச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டேன். தோலுக்கடியில் வைத்திருக்கிற சிப்பின் எண்ணைத் தனியாக எழுதி வைத்தேன். பத்து நாள் தீனி, அவை வெளிக்குப் போகிற மண், அந்த மண்ணைப் போட அலுமினியத் தட்டுகள், துரைக்குச் சிறுநீரக மருந்து. ஒவ்வொரு கூடைமேலும் தடித்த மார்க்கரால் பூனையின் பெயரும் என் நம்பரும். ஒவ்வொரு பூனையையும் ஃபோட்டோ எடுக்க வேண்டும், அதில் ஒன்றில் நாமும் இருக்க வேண்டும் என்று பதினான்காவது வரி சொன்னது. தொலைந்து போனால் இது உங்களிடம் இருந்த பூனைதான் என்று காட்ட அதுதான் சாட்சி. என்னையும் சேர்த்து எடுக்க ஆள் இல்லை. ஃபோனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, பத்து எண்ணுவதற்குள் ஓடிப்போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நான்கில் மூன்றில் என் தலை இல்லை. துரையோடு எடுத்ததில் மட்டும் முழுசாக விழுந்திருந்தேன்.

4

ஏழாவது வரி இதுதான்: கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து பூனைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் வெறும் வயிற்றோடு ஒருவர் வாசல் தாண்டியது கிடையாது. புதுக்கோட்டைக்குப் போவதென்றாலும் அம்மா தட்டைப் போட்டுவிடுவாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா தவிப்பார், அவர்தான் பஸ்ஸுக்கே நேரம் குறிக்கிறவர், இருந்தாலும் தயிர் சாதத்தை முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. நாலு மணி நேர ரயில் பயணத்துக்கு எட்டு மணி நேரச் சாப்பாடு கட்டுகிற கூட்டம் நாம். ஊர்பேர் தெரியாத இடத்துக்கு, புயலுக்கு முன்னால், வாயில்லாத ஜீவன்களைப் பட்டினியாகக் கூட்டிப் போவதா? தாளை எழுதியவர்களுக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கோழி வேகவைத்தேன். நான் கோழி சாப்பிடுவதில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகவைப்பேன். வெளியே மேகம் தாழ இறங்கிக் காற்று விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான்கையும் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தி, தட்டு நிறையப் பரிமாறினேன். சம்பந்தியம்மாகூட மோந்து பார்க்காமல் சாப்பிட்டது. துரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. எனக்கு மனசு நிறைந்து போயிற்று.

பன்னிரண்டு மணிக்குத்தான் அந்த ஏழாவது வரி எதற்கு என்று புரிந்தது. கூடையின் உள்பக்கம் மீன் துண்டு வைத்தால் பசியில் இருக்கிற பூனை தானாக உள்ளே போகும், பின்னால் கதவைச் சாத்திவிடலாம். குட்டிகளைத் தூக்கியே போட்டேன். சம்பந்தியம்மாவைத் தலையணை உறையைப் போர்த்தித் தள்ளினேன். துரையின் கூடையை எடுத்துக்கொண்டு பின்னறைக் கதவைத் திறந்தேன். துரை மீனை மோந்தது, என்னைப் பார்த்தது. பந்தியில் இலையை மூடினவரிடம் போய் இன்னொரு வடை வைக்கட்டுமா என்று கேட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். என் கால்களுக்கு நடுவில் புகுந்து, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் எங்கேயோ போய்விட்டது.

ஒரு மணி நேரம் தேடினேன். கட்டில்களுக்கு அடியில், துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால், புடவை பீரோவுக்குள், திரைச்சீலைக்குப் பின்னால். கொஞ்சிக் கூப்பிட்டேன், மிரட்டிக் கூப்பிட்டேன், கடைசியில் அழுதுகொண்டே கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட அது இன்னும் உள்ளே போயிருக்கும் என்று இப்போது தெரிகிறது.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு போலீஸ்காரர், மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நின்றார். கிளம்பவில்லையா என்றார். ஒரு பூனை அகப்படவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் வீட்டிலும் இரண்டு இருக்கிறது என்றார். மூன்று மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் எங்களால் வர முடியாது என்றார். கடைசியாக, இங்கேயே இருப்பது என்று முடிவு செய்தால் கையில் மார்க்கரால் பெயரையும் சொந்தக்காரர் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். கூடைகளில் எழுதிய மார்க்கர் என் இடுப்பில் செருகியபடியே இருந்தது.

5

ஒன்றே முக்காலுக்கு கார்த்திக் கூப்பிட்டான். இன்னும் வீட்டில்தான் இருக்கிறேன் என்றதும் கத்தினான். அவன் என்னிடம் கத்தி எத்தனையோ வருஷமாயிற்று. ஒரு கிழட்டுப் பூனைக்காக என்று ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்து நிறுத்திக்கொண்டான். பூனை எங்காவது உயரத்தில் ஏறித் தப்பித்துக்கொள்ளும், உனக்கு அப்படி ஏறத் தெரியாது என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று கூடைகளையும் காரில் ஏற்றினேன். அலமாரியின் மேல்தட்டில் தீனியைக் கொட்டி வைத்தேன். பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வைத்தேன். உள்கதவுகள் எதுவும் சாத்திக்கொள்ளாதபடி செங்கல் வைத்தேன். அந்தக் கிழவர் வீட்டில் நாலைந்து நாள் இது எதைக் குடித்து இருந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அதற்கு மேல் நினைக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன்.

சமையலறையிலிருந்து துரை வந்தது. நிதானமாக, இடமிருந்து வலமாக, என் முன்னால் குறுக்கே போய் சோபாவுக்குப் பின்னால் மறைந்தது.

என் கால் நின்றுவிட்டது. கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அம்மா அப்பாவைப் பலமுறை அப்படி உட்கார வைத்திருக்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கையெல்லாம் இல்லை. வீட்டுக்குள் நான்கு பூனை வைத்திருக்கிறவள் அதை நம்பினால் ஒரு நாளும் கடைக்குப் போக முடியாது. ஆனால் அன்றைக்கு என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினேன். நாற்காலிகளையெல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்ததால் தரையில் உட்கார்ந்தேன். ஒரு டம்ளர் தண்ணீரை மெல்லக் குடித்தேன். மணி இரண்டு பத்து.

காலையிலிருந்து அந்த வீட்டில் நான் சும்மா இருந்தது அப்போதுதான். கூப்பிடவில்லை, தேடவில்லை. ஜன்னல் பலகையில் காற்று மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது, ஐந்து நிமிஷம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். சோபாவுக்குப் பின்னாலிருந்து முதலில் மீசை வந்தது. அப்புறம் தலை. வந்து டம்ளரை மோந்தது, என் முழங்காலை மோந்தது, மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கும்தான். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று முதுகைத் தடவிக்கொண்டே, தோளில் கிடந்த துண்டை மெதுவாக அதன்மேல் போர்த்திச் சுற்றினேன். கூடையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துப் பின்கால்களை முதலில் இறக்கினேன். அது பத்தொன்பதாவது வரி.

பாலத்தை இரண்டே முக்காலுக்குத் தாண்டினேன். மறுகரையில் தடுப்புகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் உச்சியில் காற்று காரை ஒரு தள்ளுத் தள்ளியது. அதே நேரம் பின்சீட்டில் சம்பந்தியம்மா சாப்பிட்டதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. அதைப் பார்த்துக் குண்டு, குண்டுவைப் பார்த்துச் சுண்டு. ஏழாவது வரிக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கிறது. துரை மட்டும் சாப்பிட்டதை உள்ளேயே வைத்துக்கொண்டது.

6

பள்ளிக்கூடத்து வாசலில் காகிதத்தில் கேப்டன் என்றும் கூடையில் துரை என்றும் இருப்பதைப் பார்த்து, இது வேறு பூனை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல, எங்கே சாட்சி என்று அவர்கள் கேட்க, சிப்பின் எண்ணையும் பருப்பு டப்பா எடுத்த ஃபோட்டோவையும் காட்டினேன். ஃபோட்டோவையும் பூனையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோர்ட்டு நோட்டீஸில் போடுவார்களே, அந்த மாதிரி ‘கேப்டன் என்கிற துரை’ என்று பதிந்துகொண்டார்கள்.

பூனைகளுக்கு இசை வகுப்பு அறை, மனிதர்களுக்குக் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம். காலையும் மாலையும் போய்ப் பார்த்து மண் மாற்றிவிட்டு வரலாம். புயல் கொஞ்சம் தெற்கே விலகிக் கரையேறியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் ஒரு சாண். மின்சாரம் வர வாரக்கணக்காகும் என்றார்கள். அண்ணன் தினமும் இரண்டு தடவை ஃபோனில் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டார். கார்த்திக் ஒரு தடவை கூப்பிட்டு, கத்தியதற்கு சாரி சொன்னான். நன்றாகத்தான் கத்தினாய், அடிக்கடி கத்து என்றேன். சிரித்தான்.

மூன்றாம் நாள் டெனிஸ் ஒரு வேனோடு வந்தாள். இனிமேல் புயலில் வீடிழந்த பூனைகள் வந்து குவியும், அவற்றுக்கு இடம் வேண்டும். அதனால் ஏற்கெனவே இருக்கிறவற்றை வடக்கே ஒஹாயோ பக்கம் அனுப்புகிறார்கள். சம்பந்தியம்மாவையும் குட்டிகளையும் அங்கேயுள்ள காப்பகம் எடுத்துக்கொள்ளும். துரைக்கு அங்கே வீடே கிடைத்துவிட்டதாம். ஃபோட்டோவைப் பார்த்து ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. அப்பா, அம்மா, படித்து முடித்து வீட்டோடு இருக்கிற ஒரு மகள்.

டெனிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே துரையை வைத்துக்கொள்வதானால் இப்போதே சொல்லுங்கள், பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறேன் என்றாள்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. மாத்திரை சாப்பிடுகிறேன். ஒருத்தியாக இருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால், கார்த்திக்குச் சந்தேகம் வந்து, அவன் யாரையாவது கூப்பிட்டு, அவர்கள் வந்து கதவைத் திறப்பதற்கு எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். துரை அந்த மாதிரி வீட்டில் ஒரு தடவை இருந்துவிட்டது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் நடமாடிக்கொண்டிருப்பார்கள். “அங்கேயே போகட்டும்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என் முகத்திலிருந்து அவள் புரிந்துகொண்டாள்.

கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது. புது வீட்டாருக்குத் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா? மருந்தை எழுதினேன். மழைச் சத்தத்துக்குப் பயப்படும் என்று எழுதினேன். அப்போதுதான் உறைத்தது. பழைய வீட்டில் என்ன கேட்டதோ தெரியாது, என்னிடம் இருந்த ஏழு மாதமும் துரையின் காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான். இனிமேல் விழாது. மூன்று சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் விளக்கமும் எழுதினேன். ‘வா’ என்றால் வரும். ‘சாப்பிடு’ என்றால் வந்து தட்டைப் பார்க்கும். பயந்து கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ‘ஒண்ணுமில்ல’ என்று மெதுவாக இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும்.

வண்டியில் தானும் கூடப் போவதால் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும் என்று டெனிஸ் வாசித்துப் பார்த்தாள். ‘வா’ உடனே வந்தது. ‘சாப்பிடு’வில் தடுக்கி விழுந்து சிரித்தாள். மூன்றாவதற்குத் தரையில் மண்டியிட்டு, கூடையின் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள். உள்ளே என் புடவைத் துணிக்குள் கிடந்த துரை, காதை அவள் பக்கம் திருப்பியது.

ஃபோனில் தமிழ் எனக்குத் தினமும் வருகிறது. ஆனால் ஒரு மனுஷி எதிரில் இருந்து, மூச்சுக்காற்று படுகிற தூரத்தில், அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. அவர் போனதிலிருந்து அதைச் சொல்கிறவள் நான் ஒருத்திதான்.

இன்னொரு தடவை சொல் என்றேன். உச்சரிப்பைத் திருத்தப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, டெனிஸ் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, கவனமாகச் சொன்னாள்.

“ஒண்ணுமில்ல.”